வியாழக்கிழமை போட்ட தோல்

நடந்தது இதுதான்:

1. இறுதியாண்டில் எனக்கு ஆம்பூர் தோல் தொழிற்சாலை ஒன்றில் ப்ராஜெக்ட் கிடைத்தது. தோல் பதனிடப் போடும் குரோம் உப்பைக் குறைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

2. குரோமைக் குறைத்தேன். அதற்கு ஈடாக ஃபார்மேட் என்ற வேறொரு உப்பைக் குறைவிலிருந்து அதிகமாக நான்கு அளவுகளில் சேர்த்துப் பார்த்தேன். திங்கள் முதல் அளவு, செவ்வாய் இரண்டாவது, புதன் மூன்றாவது, வியாழன் நான்காவது. வெள்ளி விடுமுறை.

3. மூன்று வாரம் இதே வரிசை. மூன்று வாரமும் நான்காம் அளவு மட்டும் தேறியது.

4. முதலாளி மகிழ்ந்துபோய் அந்த உப்பு ஒரு லாரி வேண்டுமென்று சொல்லிவிட்டார். என் பேராசிரியர் துறைக் கருத்தரங்குப் பட்டியலில் என் தலைப்பைச் சேர்த்துவிட்டார்.

5. நான்காவது வாரம் முதல் அளவு தேறியது.

6. தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மை ஓட்டும் சம்பத், உப்புப் பையை மாற்றிக் கொட்டிவிட்டார் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

7. அவர் மாற்றவில்லை.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று மணி நேரம். இந்த ஆண்டு நம் ஆய்வுக்கூடத்துக்கு ப்ராஜெக்ட் செய்ய வந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் அந்த மூன்று மணி நேரத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன். கருவிகளை இயக்கும் முறை சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை இங்கே திருப்பி எழுதப் போவதில்லை.

ஒரு சோதனையை மட்டும் விளக்கிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. பதனிட்ட தோலில் ஒரு துண்டு வெட்டுவோம். நோட்டில் வைத்து அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுவோம். பிறகு கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம். எடுத்து அதே கோட்டுக்குள் திரும்ப வைத்து, இப்போதிருக்கும் வடிவத்தையும் வரைவோம். குரோம் சரியாகப் பிடித்த தோல் கோட்டை நிறைத்துக்கொண்டு தட்டையாகக் கிடக்கும். பிடிக்காத தோல் வெயிலில் போட்ட வற்றல் மாதிரி சுருண்டுவிடும். என் நோட்டில் அந்த மூன்று வாரத்துப் பக்கங்களைப் பார்த்தால் அழகாக இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று சுருண்டிருக்கும். நான்கு தட்டை. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று சுருண்டிருக்கும். நான்கு தட்டை. சின்ன வயதிலிருந்தே எனக்குப் பட்டியல் பைத்தியம்; வேலூரில் நர்ஸாக இருந்த என் அம்மா மருந்து கொடுக்கும் நேரங்களை எழுதுவதைப் பார்த்து வந்த பழக்கம். இப்படி ஒரு பக்கம் கிடைத்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை மறைக்க மாட்டேன்.

சம்பத் அண்ணாவுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். சோதனைக்கென்று ஒதுக்கியிருந்த சின்ன டிரம் அவர் பொறுப்பு. வாணியம்பாடியிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னை "இன்ஜினீரம்மா" என்றுதான் கூப்பிடுவார். அது மரியாதையா கேலியா என்று முதல் வாரம் பிடிபடவில்லை. இரண்டாவது வாரம் கேலி என்று தெரிந்தது. மூன்றாவது வாரம் எனக்கே பிடித்துப்போனது. நோன்பு மாதம் என்பதால், ஷாப்பு என்று அங்கே சொல்லும் தொழிற்சாலைக்குள் யாரும் எதுவும் சாப்பிட மாட்டார்கள். அவரும் நானும் பின்பக்க பாய்லர் அறைக்குப் போய்த்தான் டீ குடிப்போம்.

"இன்னா இன்ஜினீரம்மா, இன்னிக்கும் நோட்டுல பூரிக்கட்டை படம் போட்டாச்சா?" என்பார்.

"அது படம் இல்ல சம்பத் அண்ணா, ரிசல்ட்."

"ரிசல்ட்டுதான். நாங்க வாயால சொல்றத நீங்க பென்சிலால சொல்றீங்க."

அவர் வாயால் என்ன சொல்கிறார் என்று நான் அப்போது கேட்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது வாரம் முதலாளிக்காக இன்னொரு முறை செய்வதாக ஏற்பாடு. திங்களன்று நான் சென்னையில் பேராசிரியரைப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் சனிக்கிழமையே நான்கு பைகளிலும் உப்பை நிறுத்து, சிவப்பு நூலால் கட்டி, நம்பர் எழுதி ரேக்கில் வைத்துவிட்டுப் போனேன். திங்கள் ஒன்றாம் பையைச் சம்பத் அண்ணா கொட்ட வேண்டும். செவ்வாய் நான் வந்துவிடுவேன். என் பட்டியல் அப்படி.

திங்கள் இரவு பிறை தெரிந்துவிட்டது. செவ்வாய் ரம்ஜான். என் பட்டியலில் அது இல்லை.

புதன் காலை ஷாப்பு முழுக்கப் புதுச் சட்டை வாசனை. முதலாளி வீட்டிலிருந்து வந்த ஷீர்குருமா பாயசத்தைத் தூக்குச் சட்டியிலிருந்து டம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மேனேஜரும் டம்ளரோடு சோதனை அறைப் பக்கம் வந்தார். திங்கள் சரக்கு இறங்கியிருந்தது. நான் துண்டு வெட்டி, கோடு போட்டு, கொதிநீரில் விட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிடம் கழித்து இடுக்கியால் எடுத்துப் பார்த்தால் துண்டு இஸ்திரி போட்ட கைக்குட்டை மாதிரி இருந்தது.

ஒன்றாம் அளவு அப்படி இருக்கக் கூடாது. மூன்று வாரமாக அது சுருண்டுதான் வந்திருக்கிறது. இன்னொரு துண்டு வெட்டினேன். அதுவும் தட்டை.

"சம்பத் அண்ணா, திங்கக்கிழமை எந்தப் பையைக் கொட்டினீங்க?"

"ஒண்ணாம் நம்பரு."

"இல்ல. நாலாம் நம்பரைக் கொட்டியிருக்கீங்க."

யோசித்துச் சொன்ன சொல்லே இல்லை. என் பக்கத்து அழகு கெட்டுப்போன கோபத்தில் வந்தது. ஆனால் சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், மேனேஜர் இருந்தார். சொன்ன சொல் என் கையை விட்டுப் போய்விட்டது.

"இன்னாய்யா சம்பத்?" மேனேஜர் டம்ளரைக் கீழே வைத்தார். "போன மாசம் வால்வைத் தொறந்து வுட்டுட்டு வூட்டுக்குப் போய்ட்ட. அதுக்கே ஒரு மெமோ வாங்கியிருக்க. இப்ப இது வேறயா?"

"சார், ஒண்ணுக்கும் நாலுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நானு? தெரியலன்னா டெய்லி கரெக்டா ஆம்பூர்ல எறங்குவனா? எந்த பஸ்ஸுன்னு தெரியாம பெங்களூருக்கே போய்ட்டிருக்க மாட்டனா?"

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை.

சம்பத் என் பக்கம் திரும்பினார். "இன்ஜினீரம்மா, லீவுல ஊறுன மாலு எப்பவும் இப்பிடித்தான் வரும். வியாழக்கிழமை மாலு அப்பிடி வர்றதில்லயா?"

"பேச்ச மாத்தாதீங்க சம்பத் அண்ணா."

அவர் என்னை விட்டுத் திரும்பிக்கொண்டார். கேலி செய்யாத சம்பத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"ரெண்டாவது மெமோன்னா கணக்கு முடிஞ்சுது, தெரியும் இல்ல?" என்றார் மேனேஜர் அவரிடம். பிறகு என்னிடம், "நீ நடந்தத எழுதிக் குடும்மா. பன்னண்டு மணிக்குள்ள வேணும். முதலாளி வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்."

சம்பத்துக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. இரண்டாவது மெமோவோடு வெளியே போனவரை அக்கம்பக்கத்தில் எந்த ஷாப்பும் சேர்த்துக்கொள்ளாது.

ஆய்வு அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். வழக்கம்போல் நம்பர் போட்டேன். ஒன்று: சனிக்கிழமை நான்கு பைகள் தயார் செய்யப்பட்டன. இரண்டு: திங்களன்று ஒன்றாம் பையைப் பயன்படுத்தச் சொல்லியிருந்தேன். மூன்று: அதற்குப் பதிலாக நான்காம் பை பயன்படுத்தப்பட்டது.

மூன்றை எழுதி முடித்துவிட்டு அப்படியே நிமிர்ந்தேன். எதிரே ரேக். ரேக்கில் இரண்டு, மூன்று, நான்கு என்று நம்பர் எழுதிய பைகள், என் சிவப்பு நூலோடு.

நான்காம் பையைக் கொட்டியிருந்தால் நான்காம் பை எப்படி இங்கே இருக்கும்?

எனக்கு உடனே பதில் கிடைத்தது, அதையும் சொல்கிறேன்: நம்பர் எழுதிய சீட்டை மாற்றி ஒட்டியிருப்பார். தன் முடிவைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கும்போது மனது எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்யும் என்று அன்று பார்த்தேன். நல்லவேளையாக அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொருள் என் மேசையிலேயே இருந்தது. சீட்டை மாற்றலாம், எடையை மாற்ற முடியாது. நான்கு என்று எழுதிய பையில் ஒன்றாம் அளவு இருந்தால் தராசு சொல்லிவிடும்.

இரண்டாம் பையை வைத்தேன். நோட்டில் இருந்த எடைதான். மூன்றாம் பையும் சரி. நான்காம் பையை வைக்கும்போது அது குறைவாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். இது எனக்குப் பெருமை தரும் விஷயமில்லை. எடை இம்மி பிசகாமல் இருந்தது.

அறையில் தராசும் நானும் மட்டும். மணி பத்தரை. இந்தப் பைகளை நிறுக்க வேண்டும் என்று வெளியே யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. மூன்றாம் வரியை அப்படியே விட்டுக் கையெழுத்துப் போட்டால் என் மூன்று வாரம் பிழைத்துக்கொள்ளும், கருத்தரங்கு பிழைத்துக்கொள்ளும், உப்பு லாரி வந்து சேரும். சம்பத் மட்டும் வெளியே போவார்.

அந்த நினைப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்று அளந்து வைக்கவில்லை. இருந்தது என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன், உங்களுக்கும் ஒரு நாள் வரும் என்பதால்.

பிறகு பழைய பக்கங்களைப் புரட்டினேன். சம்பத் சொன்னது காதில் ஒட்டிக்கொண்டிருந்தது: வியாழக்கிழமை மாலு அப்பிடி வர்றதில்லயா? என் நோட்டில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரே சொற்றொடர், நல்ல கையெழுத்தில்: "அடுத்த வேலைநாள் காலை இறக்கப்பட்டது." திங்கள் போட்டதற்கு அடுத்த வேலைநாள் செவ்வாய். செவ்வாய்க்குப் புதன். புதனுக்கு வியாழன். வியாழனுக்கு அடுத்த வேலைநாள் சனி. நான்காம் அளவு மட்டும் ஒவ்வொரு வாரமும் ஒரு முழு நாள் கூடுதலாக டிரம்முக்குள் குரோம் தண்ணீரில் ஊறியிருந்தது. வெள்ளியன்று நான் வீட்டில் உட்கார்ந்து முடிவுகளைச் சுத்தமாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் காலையும் மாலையும் டிரம்மைச் சில நிமிடம் சுற்றிவிட்டுப் போவார் என்பதைக்கூட அன்றைக்குத்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

இந்த வாரம் பிறை தெரிந்ததால் செவ்வாய் விடுமுறை. ஒன்றாம் அளவு ஊறிவிட்டது. ஊறியதால் தேறிவிட்டது.

வெள்ளி விடுமுறை என்பது எனக்குத் தெரியாததா? ஆம்பூரில் நாலு நாள் இருந்தவருக்கே தெரியும். தெரிந்த விஷயத்தை எழுதும் இடத்தில் "அடுத்த வேலைநாள்" என்று எழுதி நானே மறைத்துவிட்டேன். சோதனையை மூன்று முறை செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒரே தவறை மூன்று முறை, அதே வரிசையில், ஒழுங்காகச் செய்திருந்தேன்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். மேனேஜர் அறைக்குப் போனபோது டைப்ரைட்டர் சத்தம் கேட்டது.

"மெமோ குடுத்துட்டீங்களா சார்?"

"அடிச்சிக்கினு இருக்காங்க. உன் லெட்டர் இன்னா ஆச்சு?"

"கொண்டு வந்திருக்கேன் சார். ஆறு பாயிண்ட் இருக்கு. ஆறும் என்மேலதான்."

அவர் இரண்டு முறை படித்தார். "அப்போ சம்பத்து?"

"கரெக்டா கொட்டியிருக்கார் சார். பைங்க மூணும் ரேக்குல இருக்கு. நீங்களே வந்து நிறுத்துப் பாருங்க."

"இத நீ சொல்லலன்னா யாருக்கும் தெரியப் போறதில்லயே."

"சம்பத் அண்ணாவுக்குத் தெரியும் சார்."

மேனேஜர் எழுந்து வந்து, தன் கையாலேயே மூன்று பைகளையும் நிறுத்தார். பிறகு டைப்ரைட்டர் சத்தம் நின்றது.

பழி சொன்ன இடத்திலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஆகவே டிரம் பக்கம் போய், அதே ஏழெட்டுப் பேர் இருக்கும்போது சொன்னேன்: "சம்பத் அண்ணா, நீங்க மாத்தல. நான்தான் தப்பாச் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஆம்பூர்ல எறங்கலாமா, இல்ல பெங்களூரு போவணுமா?"

"எறங்குங்க அண்ணா."

"அப்போ வாங்க, டீ குடிக்கலாம். இன்னிக்கி பாய்லர் பின்னால ஒளியத் தேவயில்ல."

டீயை வாங்கிக்கொண்டு, மூன்று வாரத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். வியாழன் சரக்கு ஏன் நன்றாக வரும்? அவர் பத்து நிமிடம் பேசினார். நான் எழுதிக்கொண்டேன்.

முதலாளி மதியம் வந்தார். கதை அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தால் அங்கேதான் பெரிய கேள்வி காத்திருந்தது.

"இன்னாம்மா இது, பேஜாராப் போச்சு. நாளைக்கு உப்பு லாரி வருதே."

"லாரிய நிறுத்திடுங்க சார்."

"மூணு வாரம் கழிச்சுச் சொல்ற."

"மூணு மாசம் கழிச்சுச் சொன்னா இன்னும் ஜாஸ்தி பேஜாரு முதலாளி," என்றார் எனக்குப் பின்னால் நின்ற சம்பத்.

முதலாளி அவரை முறைத்தார், ஆனால் போனை எடுத்து லாரியை நிறுத்தினார். "சரி, ஊற வெச்சா நல்லா வருதுன்னே வெச்சுக்கலாம். எல்லா டிரம்மையும் ஒரு நாள் ஜாஸ்தியா சும்மா போட்டு வெச்சா ஷாப்பு எப்பிடி ஓடும்?"

அதையும் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு வாரம் கேட்டேன். கொடுத்தார்.

இந்த முறை ஆறு லாட். உப்பே இல்லாமல் ஒன்று, முதல் அளவில் ஒன்று, நான்காம் அளவில் ஒன்று. மூன்றையும் ஒரு தடவை மறுநாள் காலையிலேயே இறக்க வேண்டும், ஒரு தடவை ஒரு நாள் ஊற விட்டு இறக்க வேண்டும். எதை முதலில் போடுவது என்று நான் முடிவு செய்யக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். ஆறு சீட்டு எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். சம்பத் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

"கோயில்ல பூ கட்டிப் பாக்கற மாதிரி இருக்குது. இதுக்கா காலேஜு?"

"இதுக்குத்தான் காலேஜு."

மறுநாளே இறக்க வேண்டிய லாட் ஒன்று வியாழனில் விழுந்தது. வெள்ளி காலை வாட்ச்மேனைக் கேட்டைத் திறக்கச் சொல்லி, சம்பத்தும் நானும் மட்டும் போய் இறக்கினோம். அவ்வளவு பெரிய ஷாப்பில் ஒரு டிரம்கூட ஓடவில்லை. எங்கள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஆளில்லாத அந்தப் பெரிய டிரம்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது முதலாளியின் கேள்விக்குப் பதில் என் எதிரிலேயே வரிசையாக நின்றது. எல்லா டிரம்மும் வாரத்தில் ஒரு நாள் ஏற்கெனவே சும்மாதான் இருக்கிறது.

ஆறு லாட்டும் முடிந்தன. மறுநாள் இறக்கிய மூன்றும் சுருண்டன, நான்காம் அளவு உட்பட. ஊறிய மூன்றும் தட்டை. உப்பே போடாததும் தட்டை.

சம்பத் அந்தத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுமே போடாததா இது?"

"ஒண்ணுமே போடாதது."

"அடேங்கப்பா, சும்மா இருந்தே ஜெயிச்சிடுச்சே!"

முதலாளியிடம் நான் கேட்டது ஒரே ஒரு விஷயம்: வியாழக்கிழமை ஏற்றும் சரக்குக்கு மட்டும் குரோமைக் குறைக்க வேண்டும். புது உப்பு வேண்டாம், புது டிரம் வேண்டாம், ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாக வேண்டாம். அவர் சுவரில் இருந்த காலண்டரை ஒரு தடவை பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்து, "இத ஏன் நாம யாரும் யோசிக்கல?" என்றார்.

அந்த வியாழன் நான்கு பெரிய டிரம்களில் குறைந்த குரோம் போட்டார்கள். சனிக்கிழமை காலை முதலாளி, மேனேஜர், சம்பத், நான், இன்னும் பாதி ஷாப்பு சோதனை அறை வாசலில். நான்கு துண்டு, நான்கு கோடு, கொதிநீர், இரண்டு நிமிடம். நான்கும் கோட்டுக்குள் போய் அச்சு மாதிரி உட்கார்ந்தன. யாரோ விசில் அடித்தார்கள். மேனேஜர் என்று சம்பத் இன்றும் சாதிக்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. டிரம்மைத் திறந்து கழிவுத் தண்ணீரை விட்டபோதுதான் எனக்குக் கண் கலங்கியது. வழக்கமாக மை மாதிரி கரும்பச்சையாக ஓடுகிற கால்வாயில் அன்று அடித்தளத்துக் கல் தெரிந்தது. வழக்கமாக வெளியே போகிற குரோம் தோலுக்குள்ளேயே தங்கியிருந்தது.

பேராசிரியருக்குத் தலைப்பை மாற்ற வேண்டும் என்று எழுதினேன். காரணத்தையும், சம்பத்மேல் பழி போட்டதையும் எழுதினேன். அவர் பதிலில் மாறிய தலைப்பை மட்டும் தெளிவாகத் தட்டச்சு செய்து, பட்டியலில் சேர்த்து அனுப்பியிருந்தார்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் கடுமையானவர் என்று பெயர் எடுத்தவர். என் அறிக்கையின் முதல் பாதியைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்: "ஆக, நீ எடுத்துக்கிட்ட உப்பு தோத்துப் போச்சு."

"ஆமா சார்."

"அப்ப ஜெயிச்சது எது?"

"வெள்ளிக்கிழமை சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அதன் பிறகு அரை மணி நேரம் கேள்வி கேட்கவில்லை, பேசிக்கொண்டிருந்தோம். வகுப்பில் இருந்த ஒரே பெண் நான். அந்த ஆண்டின் சிறந்த ப்ராஜெக்ட் என்று என் பெயரைப் படித்தபோது கைதட்டல் கேட்டது. நன்றியுரைப் பக்கத்தில் இரண்டாவது பெயர் சம்பத்துடையது. அந்தப் பக்கத்தைக் காட்டியபோது, "இன்னா இது, நம்ம பேருக்கு முன்னால திரு போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டு அதை ஷாப்பு முழுக்க எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது.

இப்போதைய நிலை. அந்தத் தொழிற்சாலையில் வியாழக்கிழமைச் சரக்குக்கு இன்றும் குறைந்த குரோம்தான். நம் பதிவேட்டில் "அடுத்த வேலைநாள்" என்று எழுத அனுமதி இல்லை. எத்தனை மணி நேரம் என்று எழுத வேண்டும். பிற்பாடு தொழிற்சாலையை விட்டு நம்மிடம் வந்துவிட்ட சம்பத் அண்ணாதான் நம் ஆய்வுக்கூடத்தின் டிரம் பிரிவுக்குப் பொறுப்பு. திங்கள் காலை எட்டு மணிக்கு முதலில் அவரைப் பாருங்கள், கேள்விகளோடு போங்கள். உங்கள் நான்கு பேரில் யாருடைய லாட் முதலில் என்பது இன்னும் முடிவாகவில்லை. பிஸ்கட் டப்பா என் மேசைமேல் இருக்கிறது.